துக்கத்துக்குப் பிறகு மனசு வளருமா? அதை அளக்க முடியுமா?

உங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பெண்மணி இருப்பார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கணவர் இருந்தவரை ரேஷன் கடையைத் தாண்டிப் போனதில்லை. பேங்க்கில் செலான் நிரப்பத் தெரியாது. ஏ.டி.எம். கார்டை எந்தப் பக்கம் செருகுவது என்று தெரியாது. திடீரென்று ஒருநாள் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பிய பிறகு வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று ஓடி, இன்று மூன்று வருஷம் ஆகிறது. இப்போது பேங்க் வேலை, மகளின் காலேஜ் ஃபீஸ், வீட்டு வரி எல்லாம் அவரே பார்க்கிறார். பக்கத்துத் தெருவில் ஒரு சாவு என்றால் காபி ஃபிளாஸ்க்கோடு முதல் ஆளாகப் போய் நிற்கிறார்.

ஊர் என்ன சொல்கிறது? "பரவாயில்லை, தேறிட்டா!" என்கிறது ஒரு வாய். "புருஷன் போனப்புறம்தான் றெக்கை முளைச்சிருக்கு" என்கிறது இன்னொரு வாய்.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அவர் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியோ வேறு. "நான் முன்னைவிட தைரியமா இருக்கேன். அது நிஜம். ஆனா அதை வாய்விட்டுச் சொன்னா, அவர் போனது நல்லதுக்குத்தான்னு ஆயிடாதா?"

ஆகாது! ஏன் ஆகாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். உலகம் முழுக்க மனநல ஆராய்ச்சியாளர்கள் முப்பது வருஷமாக இதே கேள்வியைத்தான் குடைந்துகொண்டிருக்கிறார்கள். அதற்கென்று கேள்வித்தாள் தயாரித்து, மார்க் போட்டு, ஒரு நாட்டு மார்க்கை இன்னொரு நாட்டு மார்க்கோடு ஒப்பிட்டுக்கூடப் பார்த்துவிட்டார்கள். அங்கேதான் சுவாரசியமான சிக்கல்கள் ஆரம்பமாயின.

இழப்பு வளர்ப்பதில்லை; போராட்டம்தான் வளர்க்கிறது

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாகத்தில் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்று இரண்டு உளவியல் பேராசிரியர்கள். கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்கள், பெரிய விபத்தில் பிழைத்தவர்கள் எனப் பலரிடம் பேசிப் பார்த்தார்கள். துயரத்தைச் சொல்லி முடித்த பிறகு, பலர் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார்கள். "இப்ப நான் பழைய ஆள் இல்லை. ஏதோ ஒரு வகையில மாறியிருக்கேன்" என்பதுதான் அது. இதற்கு 1990-களின் நடுவில் அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் 'அதிர்ச்சிக்குப் பின் வளர்ச்சி' என்று சொல்லலாம்.

நாம் எல்லோருமே சில நம்பிக்கைகளின் மேல்தான் வாழ்க்கையைக் கட்டி வைத்திருக்கிறோம். 'நமக்கெல்லாம் அப்படி நடக்காது', 'நல்லவர்களுக்குக் கெடுதல் வராது', 'நாளைக்கும் அவர் சாயந்திரம் ஆறு மணிக்கு வந்து செருப்பைக் கழற்றுவார்'... ஒரே ஒரு சாவு இதையெல்லாம் அஸ்திவாரத்தோடு பெயர்த்துப் போட்டுவிடுகிறது. பிறகு மெதுவாக, செங்கல் செங்கலாக, மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. வெள்ளத்தில் வீட்டை இழந்தவர் மறுபடி கட்டும்போது தரைமட்டத்தை இரண்டடி உயர்த்திக் கட்டுவார் அல்லவா? அப்படித்தான். அந்த இரண்டடிதான் வளர்ச்சி. 'வெள்ளம் வந்தது நல்லது' என்று அவர் சொல்வாரா? சொல்லமாட்டார். வெள்ளத்துக்கு நன்றி சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை!

இன்னொன்றையும் அந்தப் பேராசிரியர்கள் வலியுறுத்தினார்கள். வளர்ச்சி வந்துவிட்டால் வலி போய்விடும் என்பதில்லை. இரண்டும் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறையில் குடியிருக்கும். காலையில் தைரியமாகத் தாலுகா ஆபீஸுக்குப் போய் வாரிசுச் சான்றிதழ் வாங்கி வந்தவர், மதியம் அலமாரியில் அவர் சட்டையைப் பார்த்ததும் உடைந்து அழலாம். இரண்டுமே நிஜம்தான்.

21 கேள்விகள், 105 மார்க்

1996-ல் இருவரும் சேர்ந்து ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். மொத்தம் 21 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'இப்படி ஒரு மாற்றம் எனக்கு வரவேயில்லை' என்றால் 0, 'மிக மிக அதிகமாக வந்தது' என்றால் 5. ஆக, முழு மார்க் 105. ஐந்து பகுதிகளாக அது பிரிகிறது.

1. மற்றவர்களோடு நெருக்கம். உதவி கேட்கத் தெரிவது, அடுத்தவர் துன்பம் புரிவது. (7 வாக்கியங்கள்)

2. புதிய பாதைகள். இதுவரை தொடாத வேலை, படிப்பு, ஆர்வம். (5)

3. தன் பலம் தெரிவது. 'இதையே தாண்டிட்டேன், இனி எதையும் தாண்டுவேன்' என்கிற எண்ணம். (4)

4. வாழ்க்கையின் அருமை தெரிவது. எது முக்கியம், எது முக்கியமில்லை என்ற வரிசை மாறுவது. (3)

5. ஆன்மிக மாற்றம். (2)

இது எல்லா வகை அதிர்ச்சிக்கும் பொதுவான தாள். துக்கத்துக்கென்றே தனியாக ஒன்றை நான்சி ஹோகன் என்ற அமெரிக்கச் செவிலியத் துறை ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 2001-ல் வெளியிட்டார்கள். அதில் 61 வாக்கியங்கள். அவை நிபுணர்கள் ரூம் போட்டு யோசித்து எழுதியவை அல்ல. துக்கத்தில் இருந்தவர்களின் வாய்மொழியிலிருந்தே எடுத்துத் தொகுத்தவை. விரக்தி, பீதி, குற்றம்சாட்டலும் கோபமும், ஒதுங்கிப் போதல், மனக்குழப்பம் என்று ஐந்து பகுதிகள் வேதனையைக் கேட்கும். ஆறாவது பகுதி 12 வாக்கியங்களில் தனிமனித வளர்ச்சியைக் கேட்கும். 'மற்றவர்களிடம் முன்னைவிடப் பரிவாக இருக்கிறேனா, பொறுமை கூடியிருக்கிறதா' என்கிற ரீதியில்.

இரண்டு தாளுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. முதல் தாள் 'சம்பவத்துக்குப் பிறகு எவ்வளவு மாறியிருக்கிறீர்கள்?' என்று கேட்கிறது. ஹோகனின் தாள் 'கடந்த இரண்டு வாரமாக எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்கிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஊருக்கு ஊர் படி வேறு!

பாட்டி காலத்தில் அரிசியைப் படியால் அளந்தார்கள். பட்டணம் படி ஓர் அளவு, உள்ளூர்ப் படி வேறு அளவு. "நாலு படி போட்டேன்" என்றால், "எந்த ஊர்ப் படி?" என்று கேட்க வேண்டியிருந்தது. மனசை அளக்கிற கேள்வித்தாளுக்கும் இதே கதைதான்.

ஜப்பானில் அந்த 21 வாக்கியங்களை மொழிபெயர்த்துக் கொடுத்துப் பார்த்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஐந்து பகுதிகளாகப் பிரிந்தது, ஜப்பானில் நான்காகத்தான் பிரிந்தது. ஆன்மிகமும் வாழ்க்கையின் அருமையும் அங்கே தனித்தனியாக நிற்காமல் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆன்மிகப் பகுதியில் இருந்தது இரண்டே இரண்டு வாக்கியம். அதில் ஒன்று மத நம்பிக்கை பலப்பட்டதா என்று நேரடியாகவே கேட்டது. வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஊருக்கு அது சரி. 'எனக்கு மதம் என்று தனியாக எதுவும் இல்லை. ஆனால் தினமும் காலையில் தாத்தா படத்துக்குச் சாதம் வைத்துக் கும்பிடுவேன்' என்கிற ஜப்பானியர் எந்த நம்பரில் வட்டம் போடுவார்?

ஆஸ்திரேலியாவில் 2006-ல் வந்த ஓர் ஆய்வு வேறு விதம். அங்கே மக்களை அவர்கள் போக்கில் பேசவிட்டார்கள். மத நம்பிக்கை பற்றிய பேச்சு அதிகம் வரவில்லை. மற்றவர்களிடம் இரக்கம் கூடியதுதான் பளிச்சென்று வெளிப்பட்டது.

இதையெல்லாம் பார்த்த பிறகு, தாளைத் தயாரித்தவர்களே அதைத் திருத்தினார்கள். ஜப்பான், துருக்கி நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட புதிய தாளில் 25 வாக்கியங்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் பதில் சொல்லக்கூடிய மாதிரி, வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்பது போன்ற நான்கு வாக்கியங்களைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். தங்கள் படியில் குறை இருப்பதை ஒப்புக்கொண்டு மாற்றினார்களே, பாராட்டத்தான் வேண்டும்!

'மறந்துவிட்டீர்களா?' என்பது சரியான கேள்வியா?

இறந்தவரிடமிருந்து மனசை மெல்ல மெல்லப் பிரித்து எடுத்து வேறு பக்கம் திருப்புவதுதான் துக்கத்தின் வேலை என்று மேல்நாட்டு மருத்துவம் நெடுங்காலம் நம்பியது. ஃப்ராய்ட் 1917-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த கருத்து அது. டெனிஸ் கிளாஸ் முதலிய மூன்று ஆராய்ச்சியாளர்கள் 1996-ல் தொகுத்த ஒரு புத்தகம் அதைப் புரட்டிப் போட்டது. இறந்தவரோடு உறவு அறுந்துபோவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது, அது நோய் அல்ல என்று அந்தப் புத்தகம் சொன்னது.

நமக்கு இது புதுசா என்ன? ஹாலில் மாலை போட்ட படம், வருஷா வருஷம் திதி, ஆடி அமாவாசை, தை அமாவாசை, கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள்! ஜப்பானில் வீட்டுக்குள்ளேயே முன்னோருக்குச் சின்ன மாடம் உண்டு; கோடையில் ஓபோன் பண்டிகைக்கு முன்னோர் வீட்டுக்கு வருவதாக நம்பிக்கை. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்குப் பிடித்த பலகாரம் படைத்து, செண்டுமல்லிப் பூவால் வழி அமைப்பார்கள். நம் ஊர் மார்க்கெட்டில் கூடை கூடையாக வந்து இறங்குகிறதே, அதே செண்டுமல்லிதான். அதற்குப் பூர்விகமே மெக்சிகோ!

இப்படிப்பட்ட ஊர்களில் போய், 'அவரை நினைக்காமல் உங்களால் வாழ முடிகிறதா?' என்று கேட்டு மார்க் போட்டால், அன்பாக இருப்பவர்கள் எல்லோரும் ஃபெயில்தான்.

நாகப்பட்டினம் சொன்ன பாடம்

2004 டிசம்பர் 26. சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர், மூன்று பேர் என்று பறிகொடுத்தவர்கள் ஏராளம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மருத்துவர்கள் அங்கே போய், பிழைத்தவர்களைக் குழுக் குழுவாக உட்காரவைத்துப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். அந்த ஆய்வு 2008-ல் வெளியானது. மக்கள் தங்கள் சொந்த மனபலத்தையும், உற்றார் உறவையும், தெய்வ நம்பிக்கையையும்தான் பெரிய துணையாகச் சொன்னார்கள். வெளியிலிருந்து வந்த மனநல சேவைகளைவிட இவற்றுக்கே அதிக மதிப்பு கொடுத்தார்கள்.

'எல்லாம் விதி' என்று ஒருவர் சொன்னால், வெளிநாட்டுத் தாளில் அது 'கையாலாகாத்தனம்' என்று பதிவாகக்கூடும். நம் ஊரில் அந்த ஒரு வார்த்தை, 'என் பிள்ளையைக் கெட்டியாப் பிடிச்சிருக்கலாமே' என்கிற குற்ற உணர்ச்சியிலிருந்து ஒரு தாயை மீட்கிற மருந்தாகவும் இருக்கலாம். இலங்கையில் காயத்ரி ஃபெர்னாண்டோ என்ற உளவியல் அறிஞர் வெளிநாட்டுத் தாளை மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, உள்ளூர் மக்கள் சொன்ன கதைகளிலிருந்தே ஓர் அளவுகோலை உருவாக்கி, அதையும் 2008-ல் வெளியிட்டது இதனால்தான்.

மொழிபெயர்ப்பு என்றால் அகராதியைப் பார்த்து எழுதிவிடுவது அல்ல. ஒருவர் தமிழாக்குவார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டும் பொருந்துகிறதா என்று சோதிப்பார்கள். அப்படியும் சில விஷயங்கள் நழுவிப் போகும். "என் மனசு கல்லாயிடுச்சு" என்று ஒரு தாய் சொல்கிறாள். அது பலமா, மரத்துப்போனதா? எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? "ஏதோ இருக்கேன்" என்கிறார் ஒருவர். நிஜமாகவே சுமாராக இருக்கிறாரா, நன்றாக இருக்கிறேன் என்றால் கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறாரா? பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்கும்போது, 'புதிய பாதைகள் திறந்திருக்கின்றன' என்று எந்த மருமகள் வாயைத் திறந்து சொல்வாள்?

இன்னொரு விஷயம். தாளில் எல்லா வாக்கியமும் 'நான், நான்' என்று இருக்கும். நம் ஊர்க்காரர்கள் பதில் சொல்லும்போது 'நாங்க' என்பார்கள். "அவர் போனப்புறம் அண்ணன் தம்பிக்குள்ள இருந்த சண்டை நின்னுபோச்சு" என்பது யாருடைய வளர்ச்சி? குடும்பத்தின் வளர்ச்சி. அதற்குத் தாளில் கட்டமே கிடையாது.

மார்க்கை அப்படியே நம்பலாமா?

நல்ல கேள்வி. 'நான் வளர்ந்திருக்கிறேன்' என்று நினைப்பதும், நிஜமாகவே வளர்ந்திருப்பதும் ஒன்றா?

2009-ல் பட்ரீஷியா ஃப்ரேசியர் என்ற அமெரிக்கப் பேராசிரியையின் குழு இதைச் சோதித்தது. கல்லூரி மாணவர்களை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டார்கள். சில வாரங்கள் கழித்து மறுபடி அளந்தார்கள். இடையில் பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தவர்களைத் தனியாக எடுத்து, 'எவ்வளவு வளர்ந்தீர்கள்?' என்றும் கேட்டார்கள். அவர்கள் வாயால் சொன்ன வளர்ச்சிக்கும், முன்பின் அளவுகளில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை! 'வளர்ந்துவிட்டேன்' என்று சொல்லிக்கொள்வது சில நேரம் வலிக்கு நாமே போட்டுக்கொள்ளும் ஒத்தடம்தான். 'இப்போது எப்படி இருக்கிறீர்கள்?' என்று ஹோகனின் தாள் கேட்பதில் ஒரு நியாயம் இருப்பது இப்போது புரிகிறதா? பழைய நம்மை நாமே சரியாக ஞாபகம் வைத்திருப்பதில்லை.

2012-ல் வந்த இன்னோர் ஆய்வு இழப்பைச் சந்தித்த இளைஞர்களைப் பற்றியது. துக்கத்தின் கடுமை ரொம்பக் குறைவாக இருந்தவர்களிடமும், ரொம்ப அதிகமாக இருந்தவர்களிடமும் வளர்ச்சி குறைவாகத் தெரிந்தது. நடுத்தரமாக வலித்தவர்களிடம்தான் அதிகம். நாற்றங்கால் மாதிரிதான் இது. தண்ணீரே இல்லாவிட்டால் நாற்று எழும்பாது. வெள்ளம் வந்தால் நாற்றே போய்விடும்.

இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? துக்க வீட்டுக்குப் போய், "இதுவும் ஒரு அனுபவம்தான்", "இதனால நீ இன்னும் ஸ்ட்ராங் ஆவே" என்றெல்லாம் சொல்லவே கூடாது. வளராமல் இருப்பது குற்றமில்லை. பழையபடி எழுந்து, குளித்து, சமைத்து, வேலைக்குப் போவதே பலருக்குப் பெரிய சாதனை.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள் (மார்க் கிடையாது!)

இழப்பு நேர்ந்து ஒரு வருஷமாவது ஆன பிறகு, ஆற அமர உட்கார்ந்து யோசியுங்கள். 'ஆமாம்' என்றால் சந்தோஷம். 'இல்லை' என்றால் கவலை வேண்டாம்.

* முன்னால் பயந்து ஒதுங்கிய ஏதாவது ஒரு வேலையை இப்போது நானே செய்கிறேனா?

* உதவி கேட்க வெட்கப்பட்ட நான், இப்போது கேட்கிறேனா?

* அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் என்ன சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரிந்திருக்கிறதா?

* முன்னால் பெரிதாகத் தெரிந்த சண்டை எதுவாவது இப்போது அற்பமாகத் தெரிகிறதா?

* அவரைப் பற்றிப் பேசும்போது அழுகையோடு எப்போதாவது சிரிப்பும் வருகிறதா?

* 'நீ மாறிட்டே' என்று வீட்டில் யாராவது நல்ல விதமாகச் சொன்னார்களா? (நம் கண்ணுக்குத் தெரியாதது அவர்கள் கண்ணுக்குத் தெரியும்.)

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

துக்கம் ஐந்து படிகளில் வரிசையாக ஏறி இறங்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அந்தப் படிகளைச் சொன்னது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்துத்தான். அவர்களைப் பறிகொடுத்தவர்களுக்கு அது டைம்டேபிள் அல்ல.

ஆனாலும் சிலருக்குத் துக்கம் உறைந்துபோய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் இதை 'நீடித்த துக்க நோய்' என்று தனியாகச் சேர்த்திருக்கிறது. குறைந்தது ஆறு மாதம் தாண்டியும் தீராத ஏக்கம், அவர் நினைவைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமை, அன்றாட வேலையே ஓடாத நிலை... இவை அடையாளங்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்று கெடு வைத்திருக்கிறது. இரண்டிலுமே ஒரு நிபந்தனை உண்டு. அவரவர் ஊர், மத வழக்கத்தில் இயல்பாக எதிர்பார்க்கப்படுவதைத் தாண்டியதாக அந்தத் துக்கம் இருக்க வேண்டும். வருஷ திதி வரை விசேஷங்களுக்குப் போகாமல் இருப்பது நோயல்ல. திதி முடிந்து வெகுகாலம் ஆகியும் அறையை விட்டே வெளியே வராமல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

'நானும் அவரோட போயிடணும்' என்ற பேச்சு வந்தால் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று கணக்குப் பார்க்காதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம்.

சரி, நம் தெருப் பெண்மணிக்கு என்ன பதில்?

அம்மா, உங்கள் தைரியம் அவருடைய சாவு கொடுத்த பரிசு அல்ல. பேங்க் வாசலில் கை நடுங்க நின்றீர்களே அந்த முதல் நாள், மகளுக்காக அழுகையை அடக்கிக்கொண்டு தோசை வார்த்தீர்களே அந்த ராத்திரிகள்... அதிலெல்லாம் நீங்களே சம்பாதித்தது. அதைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளலாம். அவருக்காக அழவும் செய்யலாம். ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.

நீங்கள் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரா? அடுத்த முறை பார்க்கும்போது, "தேறிட்டீங்களே!" என்று மார்க் போடாதீர்கள். "அவரைப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டு, ஒரு பத்து நிமிஷம் திண்ணையில் உட்காருங்கள். சொல்ல ஆரம்பித்தால் நடுவில் குறுக்கிடாமல் கேளுங்கள். அது போதும்.